ஈரல் பயொப்சி: ஊசி ஒரு வினாடி, ஓய்வு ஒரு வாரம்

"ஈரலில் ஊசி போட்டுப் பார்க்க வேண்டும்" என்று வைத்தியர் சொன்னதும் பலருக்கு நெஞ்சு பதறிவிடுகிறது. ஊசி வலிக்குமா, இது புற்றுநோயா, செய்யாமல் விட முடியாதா என்றெல்லாம் கேட்கிறார்கள். பரிசோதனை முடிந்த பின்னர் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் இந்தப் பரிசோதனையில் நோயாளியின் கவனம் கூடுதலாகத் தேவைப்படுவது ஊசி குத்திய பின்னர்தான்.

வடக்கிலும் கிழக்கிலும் வாழும் எமது பெண்களுக்கு இது இன்னும் முக்கியமானது. 2009இல் போர் முடிந்த பின்னரும் எத்தனையோ குடும்பங்களைப் பெண்களே தனியாகத் தாங்கி வருகிறார்கள். கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, விறகு சுமப்பது, கூலி வேலைக்குப் போவது, பிள்ளையைத் தூக்குவது எல்லாம் ஒருத்தியின் பொறுப்பு. "ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது" என்று விடுதியில் சொல்லி அனுப்புவது எளிது. அந்த ஒரு வாரத்துக்கு வீட்டில் என்ன ஒழுங்கு செய்வது என்பதை நாமே முன்கூட்டி யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஏன் இந்தப் பரிசோதனை?

ஈரல் எமது உடலின் உள்ளுறுப்புகளில் மிகப் பெரியது. வளர்ந்த ஒருவரில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நிறை கொண்டது. வலது பக்க விலா என்புகளின் உட்புறமாக இருக்கிறது. இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் ஈரலைப் பற்றிப் பலவற்றைச் சொல்லும். ஆனால் ஈரலில் வீக்கம் எவ்வளவு, தழும்பு எவ்வளவு படிந்திருக்கிறது, காரணம் கொழுப்பா, வைரசா, உடலின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்குகிறதா என்பதைச் சில வேளைகளில் ஈரலின் சிறு துண்டை நுணுக்குக்காட்டியில் பார்த்தே அறிய முடியும். அப்படித் துண்டு எடுப்பதையே பயொப்சி என்கிறோம்.

ஈரலில் கொழுப்புப் படிவது இன்று எமது நாட்டிலும் பரவலாகக் காணப்படுகிறது. சீனி வருத்தம், உடற்பருமன், இரத்தத்தில் கொழுப்பு உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது. மது அருந்தாத பெண்களுக்கும் வரும். "நான் குடிப்பதில்லையே, எனக்கு எப்படி ஈரல் வருத்தம்?" என்று வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்கும் நோயும் ஆண்களை விடப் பெண்களிடமே அதிகம். பயொப்சி என்றதும் புற்றுநோய் என்று முடிவுகட்டவும் கூடாது. பல வேளைகளில் எந்த மருந்தைத் தொடங்குவது, எதை நிறுத்துவது என்று தீர்மானிப்பதற்காகவே இது செய்யப்படுகிறது.

ஊசி குத்தும் நேரம்

ஈரலில் ஊசி செலுத்தி மாதிரி எடுக்கும் முறை 1883ஆம் ஆண்டளவில் ஜேர்மனியில் தொடங்கியது. 1958இல் இத்தாலிய வைத்தியர் மென்கினி, ஊசி ஈரலுக்குள் ஒரு வினாடி மட்டும் இருக்கும் முறையை வெளியிட்டார். அதன் பின்னரே இது உலகெங்கும் பரவலானது.

இப்போது பெரும்பாலும் ஸ்கானில் இடத்தைப் பார்த்துக்கொண்டே செய்கிறார்கள். நீங்கள் மல்லாந்து படுத்து, வலது கையைத் தலைக்கு மேல் வைத்திருப்பீர்கள். விலா என்புகளுக்கு இடையில் தோலைச் சுத்தம் செய்து, விறைக்கும் ஊசி போடுவார்கள். முதலில் ஓர் எரிவு இருக்கும், பின்னர் விறைத்துவிடும். மூச்சை வெளியே விட்டு அப்படியே பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். அந்த வேளையில் ஊசி உள்ளே போய் வெளியே வந்துவிடும். கிடைப்பது நூல் போன்ற, ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் நீளமான ஒரு துண்டு. தையல் தேவையில்லை. வயிற்றில் நீர் கட்டியிருப்பவர்களுக்கும் இரத்தம் உறைவதில் குறைபாடு உள்ளவர்களுக்கும் கழுத்திலுள்ள நாளத்தின் ஊடாக வேறு முறையில் எடுப்பதுண்டு.

மூச்சைப் பிடித்து அசையாமல் இருப்பது மிக முக்கியம். மூச்சு விடும்போது ஈரலும் மேலும் கீழுமாக அசைவதே இதற்குக் காரணம். வைத்தியர் சொல்லும் மொழி விளங்கவில்லையானால் அந்த ஒரு வினாடியே ஆபத்தாகலாம். ஆகவே, "மூச்சைப் பிடியுங்கள்", "இப்போது விடுங்கள்" என்பவற்றை எந்தச் சொல்லில் சொல்வார்கள் என்று முன்னரே கேட்டு, ஒரு தடவை பழகிக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன்னர் சொல்ல வேண்டியவை

பின்னர் வரக்கூடிய ஆபத்துகளைக் குறைப்பது முன்னரே உண்மையைச் சொல்வதில் தங்கியுள்ளது. பின்வருவனவற்றை வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

- அஸ்பிரின், குளோபிடோகிறெல், வார்பரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளிசைகள் குடிக்கிறீர்களா? இவற்றைச் சில நாட்களுக்கு முன்னரே நிறுத்த வேண்டி வரலாம். இதய நோய்க்காகக் குடிப்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தும் நாளையும் மீண்டும் தொடங்கும் நாளையும் வைத்தியரே சொல்ல வேண்டும்.

- மூட்டு நோவு, நாரி நோவுக்குக் கடையில் வாங்கிக் குடிக்கும் டைக்குளோபினக், புரூபன் போன்றவையும் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை.

- கீழ்க்காய்நெல்லி உட்பட, செங்கண்மாரிக்கோ வேறு வருத்தத்துக்கோ குடிக்கும் நாட்டு மருந்துகள்.

- பல்லுப் பிடுங்கியபோதோ பிள்ளைப்பேற்றின்போதோ இரத்தம் நிற்காமல் போன அனுபவம்.

- கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம்.

- விறைப்பு ஊசிக்கோ வேறு மருந்துக்கோ முன்னர் ஒவ்வாமை வந்திருந்தால் அது.

- போர்க்காலத்துக் காயங்கள். வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்ததா, இரத்தம் ஏற்றப்பட்டதா, உடலில் செல் துண்டு இன்னும் இருக்கிறதா என்பவை வைத்தியருக்குத் தெரிய வேண்டும். குறிப்பாக, உலோகத் துண்டு உடலில் இருப்பவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஸ்கான் ஆபத்தாகலாம். பழைய துண்டுகள், கடிதங்கள் இடப்பெயர்வில் தொலைந்திருந்தாலும் வாய்ச்சொல்லாகச் சொல்லுங்கள். தழும்பைக் காட்டுங்கள்.

பரிசோதனைக்கு முன்னர் குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கையையும், இரத்தம் உறையும் நேரத்தையும் பார்ப்பார்கள். சில மணித்தியாலம் சாப்பிடாமல் இருக்கச் சொல்வார்கள். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஏற்றுபவர்களும் குளிசை குடிப்பவர்களும் அன்று காலை என்ன செய்வது என்று கட்டாயம் கேட்க வேண்டும். சாப்பிடாமல் வழமையான அளவு மருந்தை எடுத்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன்னர் அது தமிழில் விளக்கப்பட வேண்டும். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழிகளில் ஒன்று. "எனக்குத் தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை. மேலாடையை உயர்த்த வேண்டி இருப்பதால், பெண் தாதி ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். அசையாமல் படுத்திருப்பதோ, இரத்தத்தைக் காண்பதோ, வைத்தியசாலையின் மணமோ பழைய கொடுமைகளை நினைவூட்டுமானால் அதையும் தாதியிடம் சொல்லிவையுங்கள். தேவையானால் பயத்தைத் தணிக்க மருந்து கொடுக்க முடியும்.

முதல் மணித்தியாலங்கள்

ஊசி எடுத்ததும் வலது பக்கமாகச் சரிந்து படுக்கச் சொல்வது வழக்கம். ஈரல் விலாவோடு அழுந்தியிருப்பதால் குத்திய இடத்தில் கசிவு கட்டுப்படும் என்பதே நோக்கம். பின்னர் மல்லாந்து படுக்க விடுவார்கள். முதல் ஒரு மணித்தியாலத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு தடவையும், பின்னர் இடைவெளி விட்டும் நாடித்துடிப்பையும் குருதி அமுக்கத்தையும் பார்ப்பார்கள்.

ஏன் இவ்வளவு கவனம்? ஈரல் இரத்தம் நிறைந்த உறுப்பு. உள்ளே கசிவு ஏற்பட்டால் வெளியே ஒரு துளியும் தெரியாது. கட்டுப்போட்ட இடம் சுத்தமாக இருக்க, வயிற்றுக்குள் இரத்தம் சேரலாம். நாடி விரைவதும் அமுக்கம் இறங்குவதுமே அதைக் காட்டிக்கொடுக்கும்.

இத்தகைய சிக்கல்கள் அரிதானவை. கடுமையான இரத்தப்பெருக்கு 2,500 முதல் 10,000 பேருக்கு ஒருவரில்தான் ஏற்படுகிறது. இத்தாலியில் 68,276 பயொப்சிகளை ஆராய்ந்து 1986இல் வெளியான ஆய்வொன்றில், ஏற்பட்ட சிக்கல்களில் 61 வீதமானவை முதல் 2 மணித்தியாலத்துக்குள்ளும் 96 வீதமானவை 24 மணித்தியாலத்துக்குள்ளும் தெரியவந்தன. ஆகவே முதல் நாளைக் கவனமாகக் கடந்தால் ஆபத்தின் பெரும்பகுதியைக் கடந்துவிட்டோம் எனலாம்.

"பஸ் போய்விடும், பிள்ளைகள் பாடசாலையால் வந்துவிடுவார்கள்" என்று சொல்லி நேரத்துக்கு முன்னர் எழுந்து வருவது இதனால்தான் கூடாது. சில வைத்தியசாலைகளில் சில மணித்தியாலங்களின் பின் அனுப்புவார்கள். சிலவற்றில் ஓரிரவு தங்க வைப்பார்கள். மலசலகூடம் போக வேண்டுமானாலும் தனியே எழும்பாமல் தாதியைக் கூப்பிடுங்கள். தலைச்சுற்றி விழுந்தால் வேறு ஆபத்தும் சேர்ந்துவிடும்.

வலி: எது வழமை, எது ஆபத்து?

குத்திய இடத்தில் நோவும், வலது தோள்மூட்டில் ஒரு குத்துவலியும் பலருக்கு வருகின்றன. "ஊசி போட்டது விலாவில், நோவது தோளில்" என்று சிலர் பயப்படுகிறார்கள். ஈரலுக்கு மேலே உள்ள பிரிமென்றகட்டுக்கும் தோளுக்கும் போகும் நரம்புகள் முள்ளந்தண்டின் ஒரே பகுதியிலிருந்து வருவதால் அங்கு நோவது போல உணர்கிறோம். இந்த நோ மெல்ல மெல்லக் குறைந்து வர வேண்டும். பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

குறையாமல் கூடிக்கொண்டு போகும் வலிதான் எச்சரிக்கை. இந்த இடத்தில் எமது பெண்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பதுங்குகுழியிலும் முகாமிலும் மருந்தே இல்லாமல் காயத்தைத் தாங்கியவர்கள் பலர் எம்மிடையே உள்ளனர். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. "தாதியை ஏன் கரைச்சல்படுத்துவான்" என்று பேசாமல் படுத்திருப்பார்கள். அன்று உயிரைக் காத்த அந்தப் பொறுமை இங்கு உயிருக்கே கேடாகலாம். வலி கூடினால், தலை சுற்றினால், குளிர்ந்து வியர்த்தால் உடனே குரல் கொடுங்கள். இரண்டு தடவை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் மூன்றாம் தடவையும் கூப்பிடுங்கள். பக்கத்துக் கட்டில்காரியைக் கொண்டு கூப்பிடுவியுங்கள்.

முதல் இரவு எங்கே?

வீட்டுக்கு அனுப்பினாலும் முதல் இரவில் அரை மணித்தியாலத்துக்குள் வைத்தியசாலைக்கு வந்து சேரக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும் என்பது வைத்தியர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விதி. வயதுவந்த ஒருவர் கூட இருக்கவும் வேண்டும். முல்லைத்தீவின் உட்கிராமத்திலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ, வாகரைப் பக்கமிருந்து மட்டக்களப்புக்கோ வருபவர்களுக்கு இது எளிதல்ல. ஆகவே பரிசோதனைக்குத் திகதி தரும்போதே, "என் வீடு தூரம், தனியாக இருக்கிறேன், ஓரிரவு விடுதியில் தங்க முடியுமா?" என்று கேளுங்கள். இதைச் சொன்னால்தான் வைத்தியருக்குத் தெரியும். முடியாதுபோனால் வைத்தியசாலைக்குக் கிட்ட உள்ள உறவினர் வீட்டை ஒழுங்கு செய்யுங்கள்.

மயக்க மருந்து தரப்பட்டிருந்தால் 24 மணித்தியாலத்துக்கு வாகனம் ஓட்டக் கூடாது. மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து குண்டும் குழியுமான பாதையில் போவதும், பஸ்ஸில் நின்றுகொண்டு போவதும் நல்லதல்ல. காசைப் பாராமல் அன்று ஒரு ஓட்டோ பிடிப்பது மேல்.

அந்த ஒரு வாரம்

பாரம் தூக்குவதை ஏறத்தாழ ஒரு வாரத்துக்குத் தவிர்க்க வேண்டும். சரியாக எத்தனை நாள் என்பதை உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். 5 கிலோவுக்கு மேற்பட்டதைத் தூக்க வேண்டாம் என்பது பொதுவான கணக்கு. 5 லீற்றர் தண்ணீர்க் கான் ஒன்றே 5 கிலோ. நிறைகுடம் அதை விடப் பாரம். மூன்று வயதுப் பிள்ளை அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பாரம். தண்ணீர் அள்ளுதல், விறகு கொத்துதல், உரலில் இடித்தல், அம்மியில் அரைத்தல், மண்வெட்டி பிடித்தல் எல்லாம் வயிற்றை இறுக்கும் வேலைகளே. பிள்ளையைத் தூக்காமல், இருந்துகொண்டு மடியில் ஏற்றிக்கொள்ளலாம். மெதுவாக நடப்பதும், இருந்தபடி செய்யும் சிறு வேலைகளும் பரவாயில்லை.

கட்டை முதல் நாள் நனைக்க வேண்டாம். பின்னர் வாளித் தண்ணீரில் மேலாகக் குளிக்கலாம், அந்தத் தண்ணீரை வேறொருவர் அள்ளித்தர வேண்டும். குளத்திலோ கடலிலோ சில நாட்களுக்கு முழுக வேண்டாம். காயத்தில் மஞ்சள், பச்சிலை, சாம்பல் எதுவும் வைக்காதீர்கள். நோவுக்கு எண்ணெய் பூசி வயிற்றையோ விலாவையோ உருவவே கூடாது.

நோவுக்குப் பரசிட்டமோல் எடுக்கலாம். ஆனால் ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கு எத்தனை குளிசை என்பதை வைத்தியரிடம் கேட்டே எடுக்க வேண்டும். ஈரல் நன்கு பழுதுபட்டவர்களுக்குப் பொதுவாக ஒரு நாளில் 2 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை நான்குக்கு மேல் கொடுப்பதில்லை. அஸ்பிரினும் டைக்குளோபினக்கும் புரூபனும் வேண்டாம். சாப்பாட்டில் தனியான பத்தியம் எதுவும் இல்லை. பத்தியம் என்று மீன், முட்டை, பருப்பை நிறுத்திப் பலவீனப்படாதீர்கள். மலச்சிக்கல் வந்தால் முக்க வேண்டி வரும் என்பதால் கீரை, பழங்கள், தண்ணீர் போதியளவு எடுங்கள். வயிற்றில் நீர் கட்டியோ கால் வீங்கியோ இருப்பவர்கள் வைத்தியர் சொன்ன உப்பு, தண்ணீர் அளவையே பின்பற்ற வேண்டும்.

உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

இவற்றை ஒரு தாளில் எழுதி, வீட்டிலுள்ள மூத்த பிள்ளைக்கும் சொல்லிவையுங்கள்.

- வயிற்றிலோ தோளிலோ நெஞ்சிலோ கூடிக்கொண்டு போகும் வலி
- வயிறு ஊதி இறுகுதல்
- தலைச்சுற்று, மயக்கம், குளிர்ந்த வியர்வை, நெஞ்சுப் படபடப்பு
- மூச்செடுக்கக் கஷ்டம்
- குளிர்நடுக்கம், காய்ச்சல்
- இரத்த வாந்தி, அல்லது தார் போலக் கறுத்த மலம்
- கண் மஞ்சளாதல், அல்லது முன்னர் இருந்த மஞ்சள் கூடுதல்
- குத்திய இடத்தில் இரத்தம், சீழ், சிவந்த வீக்கம்

பித்தக்கானுக்குள் இரத்தம் கசிந்தால் வயிற்றுக்குத்தும் மஞ்சளும் கறுத்த மலமும் பல நாள் கழித்தும் வரலாம். ஆகவே ஒரு வாரம் கடந்துவிட்டது என்று அலட்சியம் செய்யக் கூடாது.

இத்தகைய வேளையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இச்சேவை 2018இல் வடக்குக்கும் வந்தது. தொலைபேசியில் முதலில் சொல்ல வேண்டியது, "ஈரலில் பயொப்சி செய்து இத்தனை நாள்" என்பதுதான். வைத்தியசாலை தந்த நோய்நிர்ணய அட்டையையும் கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டு செல்லுங்கள். இரவாயிற்று, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

முடிவைக் கேட்கத் தவறாதீர்கள்

எடுத்த துண்டைப் பதப்படுத்தி, சாயமிட்டுப் பார்த்து அறிக்கை தரச் சில நாட்களோ சில வாரங்களோ ஆகலாம். நோ மாறியதும் கிளினிக் போவதை விட்டுவிடும் பெண்கள் இருக்கிறார்கள். அப்படி விட்டால் பட்ட கஷ்டமெல்லாம் வீண். எந்தத் திகதியில், எந்த கிளினிக்கில் அறிக்கை கிடைக்கும் என்பதை வீட்டுக்கு வரும் முன்னரே எழுதி வாங்குங்கள்.

அயலவர்கள் செய்யக்கூடியது

ஒரு பெண்ணின் ஒரு வார ஓய்வு அவள் ஒருத்தியால் மட்டும் ஆகக்கூடியதல்ல. எமது கிராமங்களில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் உள்ளன. சீட்டுக்கும் கடனுக்கும் கூடுகிற நாம் இதற்கும் கூடலாம். ஒருவர் காலையில் இரண்டு குடம் தண்ணீர் வைத்துவிடலாம். இன்னொருவர் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிப்போகலாம். வேறொருவர் முதல் இரவு துணைக்குப் படுக்கலாம். பரிசோதனைத் திகதி கிடைத்ததும் சங்கத் தலைவியிடமோ, உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். இன்று உங்களுக்குத் தண்ணீர் அள்ளித் தருபவளுக்கு நாளை நீங்கள் அள்ளிக் கொடுக்கத்தான் போகிறீர்கள்.